கடைசியில் வந்த சத்தம்

அத்தியாயம் 9

காளிதாஸ் ஒரு கூடை நண்டோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். சூஃபியா எட்டாவது எபிசோடை வெளியிட்டுவிட்டு அப்போதுதான் பசியாற உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாப் பேசியிருக்க, பாப்பா. ரெண்டு தடவ கேட்டேன்."

"அதுக்குள்ளயா, சித்தப்பா?"

"பிளான்ட்டுல ஐஸ் ஏத்துற நேரம். காது சும்மாத்தானே கெடக்கு."

ரத்த உறவில் அவர் சித்தப்பா இல்லை. அவள் வாப்பாவின் பழைய கூட்டாளி. புதுமடத்திலிருந்து பாம்பன் வரை எந்த மீன் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே அவருடைய ஐஸ்தான் இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் சூஃபியா காக்கா என்று கூப்பிடும் அண்ணன் கபீர் கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த வாரம், இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளைச் சோறும் காளிதாஸ் வீட்டிலிருந்துதான் வந்தது.

கபீரின் ஃபைபர் படகு மட்டும் ஒரு தீவின் மணல்திட்டில் கிடைத்தது. என்ஜின் நன்றாக இருந்தது. நங்கூரக் கயிறு அறுக்கப்பட்டிருந்தது. தவறி விழுந்திருக்கலாம் என்று எழுதி விசாரணையை மூடினார்கள். சென்னையில் ஒரு செய்தித்தளத்தில் வேலை பார்த்த சூஃபியாவுக்கு அந்தக் கயிறு உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து 'கபீர் எங்கே' என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினாள்.

முதல் இரண்டு வாரம் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இப்போது துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற இந்தக் கரைப் பிள்ளைகள் எபிசோடு வரும் வியாழக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். கேட்பதோடு அவர்கள் நிற்பதில்லை. தங்களுக்குள் ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்து, காற்று எந்தத் திசையில் அடித்தது, நிலா எப்போது இறங்கியது என்று தேடி எடுத்து வாதாடுகிறார்கள். சூஃபியாவின் மச்சி, கபீரின் மனைவி மர்ஜானா பேசிய எபிசோடைக் கேட்ட ஒருவர், அந்த அழுகையில் உண்மை இல்லை என்று நீளமாக எழுதியிருந்தார். அதை ஆமோதித்தவர்கள் அநேகம். மர்ஜானா அதைப் படித்துவிட்டு, "எப்படி அழுதா நம்புவாகன்னு கேட்டுச் சொல்லு, புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

இன்றைய எபிசோடில்தான் முதல்முறையாக ஒரு சாட்சி பேசினார். அந்த இரவு கபீரின் படகை ஒட்டி ஒரு பெரிய படகு நின்றதையும், அதில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்ததையும், சண்டைச் சத்தம் கேட்டதையும், ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்ததையும் சொன்னார். பெயரும் ஊரும் வரக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. சூஃபியா குரலை மாற்றியிருந்தாள். ஐஸ் பெட்டி இல்லாத படகு இந்தக் கரையில் ஏது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

"அந்த ஆளு யாருன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் காளிதாஸ், டீயை ஆற்றியபடி. "கேட்டாலும் நீ சொல்லக் கூடாது. குரலு பூதம் பேசுற மாதிரி இருந்துச்சு. ஆனா எனக்குப் பிடிச்சது கடைசியில வந்த சத்தந்தான். ஆளு பேசி முடிச்சு வள்ளத்தைக் கெளப்பிட்டுப் போறாரு பாரு. கண்ணு கலங்கிருச்சு."

வாப்பா ஜெய்னுலாபுதீன் கூடையை வாங்கி வைத்தார். "எதுக்கு காளி இதெல்லாம்" என்றார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்வார்.

"பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசுல பிள்ளையைத் தொலைச்சுட்டு நிக்கிறீங்க. ஒரு கூடை நண்டுதானேண்ணே."

அவர் போன பிறகு வாப்பா வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னும் ஒரு எபிசோடுகூட கேக்கல, வாப்பா."

"ஊரே கேக்குது. நான் வேற கேக்கணுமா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

மர்ஜானா சமைக்கும்போதுதான் கேட்பாள். போனை அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் அரிவாள். கணவனைப் பற்றிய பேச்சைக் கை சும்மா இருக்கும்போது கேட்க அவளால் முடியாது.

மத்தியானம் சூஃபியா நண்டுக் கூடையோடு அடுக்களைக்குள் வந்தபோது எபிசோடின் கடைசி நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. சாட்சி பேசி முடித்தார். அலை. அதற்கு மேல் ஒரு டீசல் என்ஜின் உறுமிக் கிளம்பித் தூரமாகப் போய்த் தேய்ந்தது.

மர்ஜானா கத்தியை வைத்துவிட்டுப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள்.

"இந்தச் சத்தம் எங்கன எடுத்த?"

"அவரு வள்ளந்தான், மச்சி. கரையில நின்னு எடுத்தேன். கேக்க நல்லா இருக்கும்னு சேர்த்தேன்."

"அவரு வள்ளமேவா? வேற எங்கயாவது எடுத்ததா?"

"அவரு வள்ளமேதான். ஏன், அதுல பேச்சு எதுவும் இல்லையே."

மர்ஜானா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. ஒரு குழந்தை அடுப்பைத் தொட்டுவிட்டதைப் பார்ப்பது போல இருந்தது.

"பஜார் தெருவுல பொறந்த புள்ளை நீ. உன் காக்கா படகு வாங்குற வரைக்கும் உங்க வீட்டுல யாரும் வள்ளத்துக்குக் காத்துக் கெடந்ததில்ல. எங்க உம்மா வீடு கரையில. வெளிய கும்மிருட்டா இருக்கும், ஒரு என்ஜின் சத்தம் வரும். உம்மா படுத்துக்கிட்டே சொல்லும், இது நாகூர் வள்ளம், இது செய்யது வள்ளம்னு. நம்ம வள்ளம்னு காதுல விழுந்தாத்தான் எந்திரிச்சு உலை வைக்கும். இந்தா, இதைக் கேளு. மூணு அடி அடிச்சு ஒண்ணை முழுங்குது. இப்படி ஒரு என்ஜின் கரைக்கு ஒண்ணுதான் இருக்கும். அவரு தெருவுல இருக்கிற பொம்பளைக இதைக் கேட்டா..."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூஃபியா போனில் கேட்பவர்களின் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தாள்.

காலையிலிருந்து பாராட்டுகளாகக் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணின் குரல் பதிவு. சிரித்துக்கொண்டே பேசினாள். "ஏத்தா, கடைசியில வர்றது எங்க தங்கச்சிமடம் வள்ளம்ல. எங்க பக்கத்து வீட்டு இமானுவேல் அண்ணன் வள்ளமாக்கும். இந்தச் சத்தத்துல தெனம் என் பிள்ளை முழிச்சு அழும். எங்க ஊரும் பாட்காஸ்ட்டுல வந்துருச்சு."

அதற்குக் கீழே கைதட்டல்கள். சபாஷ்கள். ஷார்ஜாவிலிருந்து ஒருவர் தங்கச்சிமடக் கடற்கரையை வரைபடத்தில் வட்டமிட்டுப் போட்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் எல்லோருக்கும். ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை.

குரலை மாற்றினாள். வள்ளத்தை மாற்றவில்லை.

கடைசியில் வந்த சத்தந்தான் பிடித்தது என்று காளிதாஸ் சொன்னது அப்போது அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

சூஃபியா எபிசோடை நீக்கினாள். அதனால் பிரயோசனமில்லை என்று நீக்கும்போதே தெரிந்தது. இறக்கி வைத்துக்கொண்டவர்கள் குழுவிலேயே பகிர ஆரம்பித்திருந்தார்கள். ஏன் நீக்கினாய் என்று இருபது பேர் கேட்டார்கள். இமானுவேலின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

"விசைப்படகு போகாத நாளு. வள்ளமெல்லாம் கடலுக்குப் போயிருக்கும்" என்றாள் மர்ஜானா. கையைக் கழுவிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நானும் வாரேன்."

"எதுக்கு, மச்சி?"

"எம் மாப்பிள்ளை தண்ணியில விழுந்த சத்தத்தைக் கேட்டுட்டு நாலு வருஷமா வாய மூடியிருந்த மனுசன். அவரு மொகத்தை நானும் பாக்கணும்ல."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வாப்பா வெளியே வந்தார். எங்கே என்று கேட்டார். தங்கச்சிமடம் என்றாள். அவர் கை ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்தது. எதுவோ சொல்ல வாய் திறந்து, மர்ஜானாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"பாலத்துல காத்து அடிக்கும். மெதுவாப் போங்க."

*

இமானுவேலின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பனைவரிசை மட்டும். அவர் மனைவி லூர்துமதி வாசலில் நின்றபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை.

"நீதானே அந்த ரேடியோப் பிள்ளை? குரலைக் கேட்டாலே தெரியும், பேசு பாப்பம்."

"அக்கா, நான்..."

"அதே பிள்ளைதான். உள்ள வா. காலையில இருந்து ஒவ்வொருத்தியா வந்து, உம் புருசன் வள்ளம் பேமஸ் ஆயிருச்சுன்னு சொல்லிட்டுப் போறாளுக. மத்தியானம் ரெண்டு பேரு பைக்குல வந்தானுக. எந்தப் பக்கம் போயிருக்காரு, எப்ப வருவாருன்னு கேட்டானுக. ஒருத்தனை எனக்குத் தெரியும். காளிதாஸ் ஐஸ் வண்டி ஓட்டுறவன். தெக்க போயிருக்காகன்னு பொய் சொன்னேன். நம்புனானோ என்னமோ."

"அவரு எங்கன போயிருக்காரு?"

"வடக்க. தனியாத்தான் போயிருக்காக. கூட வர்றவனுக்குக் காய்ச்சல். கரை மறைஞ்சா டவர் கெடையாது."

"தப்பு எம் மேலதான், அக்கா."

"ஆமா, உம் மேலதான்" என்றாள் லூர்துமதி. "அதைப் பெறகு பேசுவோம். வெளிச்சம் இருக்கும்போதே ஆகவேண்டியதைப் பாப்போம். ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். என்ன நடந்துச்சு, புகார் என்னங்குறாக. நடந்த பெறகு வரச் சொல்றாக போல. நாலு வள்ளக்காரவுககிட்ட, போய்க் கூட்டிட்டு வாங்கன்னு கேட்டேன். ஏன், என்னத்துக்குன்னு கேக்குறாக. ஏன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரியும். ஐஸும் அட்வான்ஸும் அந்த ஆளு கையில. அதனால எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது."

அவள் சூஃபியாவின் தோள்பையைச் சுட்டிக் காட்டினாள்.

"மிசினை எடு. எங்க வீட்டுக்காரவுக பேரைப் போட்டுச் சொல்லு. இந்த நிமிசமே."

"அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அவரு சம்மதம் இல்லாம..."

"அவுக சம்மதிச்சது ஒளிஞ்சு இருக்கறதுக்கு. ஒளிவுதான் போச்சே. இப்ப அரைகுறையாத் தெரிஞ்சு கெடக்கு. அரைகுறையாத் தெரிஞ்ச ஆளைத்தான் கடல்ல சுளுவா முடிப்பானுக. நாளைக்கு ஒரு வள்ளம் சும்மா மிதந்து வரும், தவறி விழுந்துட்டாகன்னு எழுதிருவாக. பேரைச் சொல்லிட்டா ஊரு உலகமெல்லாம் அந்த ஆளையே பாத்துக்கிட்டு இருக்கும்ல. உனக்கு வாக்குத்தான் பெருசுன்னா நான் சொல்றேன். எம் புருசன் பேரைச் சொல்ல எனக்கு எவன் சம்மதமும் வேணாம்."

மர்ஜானா அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். இப்போது வந்து லூர்துமதிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கபீர் பொண்டாட்டி" என்றாள்.

லூர்துமதி அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"அப்ப நீ இருக்கும்போதே சொல்றது நல்லது."

*

சூஃபியா ஒலிப்பதிவைத் தொடங்கினாள். லூர்துமதி மூச்சு விடாமல் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், வள்ளத்தின் எண்ணைச் சொன்னாள். இன்றைக்கு வந்த இரண்டு பேரைச் சொன்னாள். காளிதாஸின் பெயரையும் கூசாமல் சொன்னாள். பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை மூட்டை மூட்டையாக அவருடைய ஐஸ் பெட்டிக்குள் கடத்தப்படும் என்பதும், அதை வெளியே சொல்வேன் என்று கபீர் மல்லுக்கு நின்றதும்தான் சண்டைக்குக் காரணம் என்றாள்.

"எங்க வீட்டுக்காரவுக உன்கிட்டச் சொன்னது பாதிதான், பாப்பா. வெளக்கை அணைச்சுட்டேன்னு சொன்னாகளா? வெளக்கை அணைச்சுட்டு அந்தப் பெரிய படகு போற வரைக்கும் கெடந்தாக. பெறகு வள்ளத்தைத் தள்ளிக்கிட்டே போயி அந்தப் பையனைத் தூக்கிப் போட்டுக்கிட்டாக. அன்னைக்கு அவுக தனியாக் கரைக்கு வரல. அந்தப் பையனுக்குத் தலையில வெட்டு. இந்தா, இந்த எடத்துலதான் படுக்க வச்சோம். நான் துணி நனைச்சுக் கட்டினேன். வாப்பா நம்பர்னு ஒரு நம்பரைத் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. அதுல பேசினோம். மறுநாள் அவரு வாப்பா கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போனாரு. யாருகிட்டயும் மூச்சு விடாதீகன்னு எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. பெறகு காணாமப் போயிட்டாருன்னு ஊரெல்லாம் பேசுனப்ப எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. பயத்துல நாங்களும் வாயத் தொறக்கல."

மர்ஜானா தரையில் லூர்துமதி காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சூஃபியாவுக்குத் தொழிலில் ஒரு பழக்கம். ஒருவர் மேல் ஒரு சொல் வந்தால் அவரிடம் கேட்காமல் வெளியிடக் கூடாது. அந்தப் பழக்கத்தில்தான் வாப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

"வாப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரெக்கார்டு பண்றேன்."

"என்னாம்மா இது, போலீஸ் மாதிரி."

"காக்கா காணாமப் போன மறுநாள் தங்கச்சிமடத்துக்கு வந்தீங்களா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் வந்தது.

"ரெக்கார்டை நிப்பாட்டு."

"வாப்பா..."

"நிப்பாட்டுன்னா நிப்பாட்டு."

நிறுத்தினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"உன் காக்கா உசுரோட இருக்கான். எங்கன இருக்கான்னு கேக்காத. செத்துட்டான்னு காளி நெனைக்கிறான். அப்படி நெனைக்கிறதாலதான் எனக்கு நண்டு கொண்டாந்து தாரான். நானும் வாங்கிக்கிறேன். நாலு வருஷமா வாங்கிக்கிட்டு இருக்கேன். கபீர் உசுரோட இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு உன் காக்கா செத்தான். வெளங்குதா?"

"மச்சிகிட்டகூடச் சொல்லலையே, வாப்பா."

"எப்படிம்மா சொல்றது? அவ மொகத்தைப் பாத்துத்தானே ஊரு நம்புச்சு."

சூஃபியா திரும்பினாள். மர்ஜானா எழுந்து வந்து போனுக்கு அருகில் குனிந்தாள். சத்தம் உயரவில்லை.

"நான் இங்கனதான் இருக்கேன், மாமா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மர்ஜானா வெளியே போய்த் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். மறுபடி மறுபடி அடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் வேறு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அவள் உம்மா வீட்டில் பேச்சு எடுத்திருந்தார்கள். அதற்கு ஜமாஅத்தில் ஒப்புதல் கேட்கப் போனவர்களில் ஜெய்னுலாபுதீனும் ஒருவர்.

லூர்துமதிதான் முதலில் பேசினாள்.

"உங்க ஆளு எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும், பாப்பா. என் ஆளு கடல்ல இருக்காக. நீ என்னத்தை வெட்டுறியோ வெட்டிக்க. அவுக பேரை மட்டும் வெட்டிராத."

*

இந்த எட்டு எபிசோடுகளிலும் சூஃபியா யாருடைய பேச்சையும் நடுவில் அறுத்ததில்லை. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எதையும் சேர்க்க மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன், பெயர் மறைத்தால் மறைத்தேன் என்று சொல்வேன்.

லூர்துமதி வீட்டுச் சிமெண்ட் தரையில் மடிக்கணினியை வைத்து அவள் அறுத்தாள். சொன்னது பாதிதான் என்ற வரியை எடுத்தாள். கபீரைத் தூக்கிய இடத்திலிருந்து வாப்பா அழுத இடம் வரை எடுத்தாள். இரண்டு முனைகளையும் சேர்த்தாள். விளக்கை அணைத்த மனிதர் அடுத்த வாக்கியத்தில் பயந்து வாயடைத்துப் போனார். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. கேட்டுப் பார்த்தாள். பொருத்தமாக இருந்தது. அவ்வளவு பொருத்தமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

கடைசியில் தன் குரலில், இமானுவேல் இப்போது கடலில் தனியாக இருக்கிறார் என்று மட்டும் சேர்த்து வெளியிட்டாள்.

அது தெருவுக்குள் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. முதலில் பக்கத்து வீட்டில் லூர்துமதியின் குரல் கேட்டது. பிறகு எதிர்வீட்டில். வலை சீர் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் போனில். ஒரே குரல் முன்னும் பின்னுமாகப் பத்து இடங்களில் பேசியது. காலையில் சிரித்துக்கொண்டே பதிவு போட்ட பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓடிவந்து, "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்று அழுதாள். லூர்துமதி அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை.

மதியம் காரணம் கேட்டவர்கள் இப்போது கேட்கவில்லை. ஒரு பெரியவர் கரையில் நின்று, "ஏலே, கேட்டாச்சுல. இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றார். மூன்று வள்ளங்கள் தண்ணீரில் இறங்கின.

பனைகளின் நிழல் நீண்டு கடலைத் தொட்டது. வாப்பா அழைக்கவில்லை. சூஃபியாவும் அழைக்கவில்லை. மர்ஜானா கரையில் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கடற்கரைப் பெண்களுக்கு நடுவே அவள் வேற்றாளாகத் தெரியவில்லை.

வெளிச்சம் மங்கும்போது போன் வந்தது. தேடிப் போனவர்கள் டவர் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

"கூட்டிட்டு வாரோம். ஆளு நல்லாத்தான் இருக்காரு. வெளக்கு இல்லாம ஒரு ஃபைபர் படகு அவரைச் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. மூணு வள்ளத்தைப் பாத்ததும் கெழக்க திரும்பிருச்சு."

லூர்துமதி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வரட்டும் அந்த மனுசன்" என்றாள். "பேட்டி குடுக்குற மொகரையைப் பாரு." பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சூஃபியா போனைத் திறந்தாள். இன்று காலை கெடுத்ததைக் கேட்பவர்களே சரிசெய்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நன்றி எழுத நினைத்தாள்.

குழுவில் அதற்குள் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து ஒருவர் தொடங்கியிருந்தார். 'வெளக்கை அணைச்சுட்டுக் கெடந்தாகன்னு சொன்ன பிறகு அந்த அக்கா மூச்சை உள்ளே இழுக்கிறாங்க. வெளியே விடவே இல்லை. அங்கே ஒரு துண்டு காணோம். ஹெட்போன் போட்டுக் கேளுங்க.' போட்டுக் கேட்டிருந்தார்கள். ஒருவர் அந்த இடத்தை மட்டும் வேகம் குறைத்துப் போட்டிருந்தார். ஆமாம், ஆமாம் என்று வரிசையாக வந்தது.

அதற்குக் கீழே யாரோ ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். வெட்டப்பட்டது என்ன? போலீஸ்காரர் பெயர். இன்னொரு சாட்சி. மூன்றாவதாக, கபீர் உயிரோடு இருக்கிறான்.

மூன்றாவதற்கு ஓட்டு ஏறிக்கொண்டே போனது.

"என்ன எழுதியிருக்காக?" மர்ஜானா பக்கத்தில் வந்து நின்றாள்.

யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று பார்க்க சூஃபியா அழுத்தினாள். மூன்றாவது வரிக்குக் கீழே பெயர்கள் விரிந்தன. தெரியாத பெயர்கள், வெளிநாட்டு எண்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் போட்ட ஓட்டு.

ஐஸ் பிளான்ட் வாசலில் நின்று சிரிக்கும் படம். காளிதாஸ்.